தம்பி வளர்த்த காடு

புனேயை அடுத்த ரஞ்சன்காவில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் என் தம்பி சபரியை எல்லோரும் 'மாலி சாப்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாலி என்றால் இந்த ஊரில் தோட்டக்காரன். பின்னால் ஒரு சாப் சேர்த்துவிட்டால் மரியாதை கொடுத்தாகிவிட்டது என்று அவர்கள் நினைப்பு. அவன் கழுத்தில் தொங்கும் அட்டையில் தோட்டக்கலை அதிகாரி என்று அச்சடித்திருக்கிறது. அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வான். நாலு வருஷம் வனவியல் படித்தவன், மேனேஜர் மேஜையில் இருக்கிற மணிபிளான்ட்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறான். இதைச் சொல்லத் தொடங்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஆகையால் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் அப்பா தங்கராஜ் கோவில்பட்டிக்காரர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை கிடைத்துப் புனே வந்தவர், சாங்வியில் வீடு வாங்கி இங்கேயே தங்கிவிட்டார். நான் எட்டாம் வகுப்புவரை கோவில்பட்டியில் அத்தை வீட்டில் இருந்து படித்தேன். அதனால் எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். நான் இங்கே வந்த வருஷம்தான் சபரி பிறந்தான். இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் நான். அவனுக்குப் பள்ளியில் மராட்டியும் இந்தியும்தான். தமிழ் பேசுவான், அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சு. படிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும்.

அவனுக்குச் சிறு வயதிலிருந்தே மரப்பித்து. ப்ளஸ் டூ முடித்ததும் அப்பா ஒரு கணக்குப் போட்டார். "நம்ம ஊர்ப் பக்கம் போய்ப் படிச்சா நம்ம ஊர்லயே ரேஞ்சர் ஆயிரலாம்ல" என்று மேட்டுப்பாளையத்தில் வனவியல் சேர்த்தார். வெளியூரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. படிப்பெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். பிறகு வேலைக்கு அறிவிப்பு வரும் வரும் என்று காத்திருந்தோம். வந்தபோது முதலில் தமிழ்த் தாளில் தேற வேண்டும் என்றிருந்தது. வேங்கையையும் கருங்காலியையும் பட்டையைத் தடவிப் பார்த்தே சொல்லக்கூடியவன், அதே பெயரை எழுதச் சொன்னால் கொம்பு எந்தப் பக்கம் கால் எந்தப் பக்கம் என்று முழித்தான். இரண்டு முறை எழுதினான், இரண்டு முறையும் போயிற்று.

இங்கே மகாராஷ்டிரப் பரீட்சையும் ஒரு தடவை எழுதினான். நேர்காணல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். அதற்கப்புறம் எழுதவே இல்லை. கேட்டால், அடுத்த வருஷம் என்பான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அவன் புனேக்காரன், புனேக்காரர்களுக்கு அவன் மதராஸி. நடுவில் ரஞ்சன்காவ் வேலை கிடைத்தது. ரிசல்ட் வருகிறவரைக்கும் சும்மா போய்வருகிறேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினான். எட்டு வருஷமாகச் சும்மா போய்வந்துகொண்டிருக்கிறான்.

இதற்கிடையில் பெண் பார்க்கிற கூத்து வேறு. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஃபேக்டரியில் ஆபீசர் என்பார் அப்பா. எந்த டிபார்ட்மென்ட் என்று அடுத்த கேள்வி வரும். சபரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான், "செடி கொடியெல்லாம் பாக்கேன்" என்பான். ஹடப்சரில் ஒரு வீட்டில் பெண்ணின் மாமா, "பட்டம் வாங்கின மாலியா?" என்று சிரித்தே விட்டார். நான் கையில் இருந்த காபி டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இவன் பின்னாலேயே வந்து, அந்த வீட்டு வாசலில் இருந்த செம்பருத்திக்கு மாவுப்பூச்சி பிடித்திருக்கிறது, சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்றான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டில் மட்டும் அவனுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. என் மகள் ப்ரீதிக்கு அவன் 'காட்டு மாமா'. தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு காடு வளர்த்து வருவதாக அவளிடம் சொல்லியிருந்தான். இன்றைக்கு நாவல் துளிர்த்தது, புங்கம் பூத்தது, வேம்பு என் தலைக்கு மேலே போய்விட்டது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் காட்டுச் செய்தி வாசிப்பான். அவளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். அவளைக் குன்றுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய் இலையை முகரச் சொல்லி, பட்டையைத் தொடச் சொல்லி, மரப்பித்தை அப்படியே அவள் தலையில் இறக்கிவிட்டான். அவன் சொன்ன காட்டை நான் முழுசாக நம்பியதில்லை. இருந்தாலும் புல்தரையும் நாலு மரமுமாவது இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ப்ரீதி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நுழைவுத் தேர்விலும் சுமாரான மதிப்பெண். அதற்கு ஒரு நடுத்தரமான பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடைக்கும். நானும் என் வீட்டுக்காரர் ஷ்யாமும் அதற்குத் தயாராக இருந்தோம். அவள் ஒரு நாள் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே, "அம்மா, நான் ஃபாரஸ்ட்ரி போறேன். தாபோலியில காலேஜ் இருக்கு" என்றாள். ஒரு வீட்டுக்கு ஒரு மாலி போதாதா?

நேராக மாடிப்படி இறங்கி, பக்கத்துத் தெருவில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போனேன். சபரி அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏல சபரி, நீ வச்ச தீ. நீயே வந்து அணைச்சிட்டுப் போ" என்றேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை என்னிடமிருந்து மறைக்க அவனால் முடியவில்லை. அப்புறம் மெல்ல அது வடிந்தது.

"அவளுக்கு வேண்டாம்க்கா," என்றான்.

"அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்ட சொல்லு. நீ என்ன வேலை பாக்க, எப்படிப் பாக்கன்னு உள்ளது உள்ளபடி சொல்லு. காடு கீடுன்னு கதை விட்டேன்னா பாத்துக்க."

துண்டால் காலைத் துடைத்து முடித்தான். "சொன்னா நம்ப மாட்டா. கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன். வன மகோத்சவம் வருதுல்லா, அன்னைக்கு வீட்டு ஆளுகளைக் கூப்பிடச் சொல்லியிருக்காவ. நீயும் வா" என்றான்.

ஜூலை முதல் வாரம். சாங்வி முனையில் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறினோம். ப்ரீதி ஏதோ சுற்றுலாவுக்குப் போவதுபோலத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தாள். வாகோலியில் வழக்கம்போல வண்டிகள் நகரவில்லை. சபரி ஜன்னலில் தலை சாய்த்து உடனே தூங்கிப்போனான். தினமும் இந்தச் சாலையில் போக ஒரு தூக்கம், வர ஒரு தூக்கம், இப்படியே எட்டு வருஷம் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷிக்ராபூர் தாண்டியதும் மழை நின்று வானம் வெளிறிவிட்டது. அந்தப் பக்கம் மழை குறைவு.

தொழிற்சாலை வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். மதில் ஓரமாக நீளமாய் ஒரு மண் கீற்று. அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியைச் சுற்றியும் காவியும் சுண்ணாம்பும் அடித்து, பக்கத்தில் பளிச்சென்று பெயர்ப்பலகை. டில்லியிலிருந்து யாரோ பெரிய அதிகாரி வந்திருந்தார். மைக்கில் ஒரு பெண், நாம் பூமித் தாய்க்குப் பட்ட கடன் என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பேசினாள். அப்புறம் சபரி ஒரு நாவல் கன்றைக் கொண்டுவந்தான். குழிக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, மண்கட்டி உடையாமல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டான். பெரியவர் இலையில் இரண்டு விரலை வைத்தார். ஃபோட்டோக்காரன், "மாலி சாப், தோடா பீச்சே" என்றான். சபரி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். படத்தில் அவன் கை மட்டும் விழுந்திருக்கும்.

எல்லோரும் கை தட்டினார்கள். ப்ரீதியும் தட்டினாள். பெரியவர் ரிப்பன் கட்டிய பூவாளியால் தண்ணீர் ஊற்றிவிட்டு, கை துடைத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனார்.

ப்ரீதி குனிந்து, இன்னும் மண் தள்ளாத குழிக்குள் பார்த்தாள். குழியின் பக்கச் சுவரில் வெள்ளை வெள்ளையாக நூல்போலச் சல்லிவேர்கள் மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம் இருந்தது.

"மாமா," என்றாள். "இங்க நேத்து வேற செடி இருந்துச்சா?"

பக்கத்தில் நின்ற அட்மின் மேனேஜர் சிரித்தார். தமிழ் புரியாவிட்டாலும் விரலை நீட்டுவது புரிந்திருக்கும். பஸ், கேன்டீன், கழிப்பறை, தோட்டம் நாலுக்கும் அவர்தான் அதிகாரி. "ஹுஷார் முல்கி ஆஹே," கெட்டிக்காரப் பெண் என்று சபரியின் தோளில் தட்டிவிட்டு விருந்தினர் பின்னால் ஓடினார்.

சபரி கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "வாங்க, காட்டுதேன்" என்று முன்னால் நடந்தான்.

எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. கேன்டீனைத் தாண்டி, கழிவுநீரைச் சுத்தம் செய்கிற தொட்டிகளைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனான். மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நாற்றம். தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தளம். அதன்மேல் நீல பிளாஸ்டிக் டிரம்கள், பாதியாக அறுத்தது, முழுசாக விட்டது என்று வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மரம். வேம்பு, புங்கம், நாவல், வாகை, ஓர் அரசு. சிலது இடுப்பளவு, சிலது ஆள் உயரத்துக்கு மேலே. ஒரு டிரம்மில் ஓர் ஆலமரம்கூட நின்றது. அடியில் வெடித்த ஓட்டை வழியாக அதன் வேர் வெளியே வந்து, சிமென்ட்டில் எங்கே போவதென்று தெரியாமல் படர்ந்திருந்தது.

"இதுதான்" என்றான் சபரி.

பிறகு அவனே ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்த ஆரம்பித்தான். "இது ஜெர்மன்காரர் நட்டது. இது ஜப்பான்காரர். இது எச்.ஆர். அம்மா, இப்ப வேற கம்பெனிக்குப் போயிட்டாவ. இந்த ஆலு, பழைய டைரக்டர் ரிட்டயர் ஆனப்ப நட்டது." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

நான் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். தொழிற்சாலை என்றால் இத்தனை பங்கு இடம் பச்சையாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மதிலோர மண் கீற்றுதான் கணக்கில் காட்டுகிற பச்சை. ஆனால் என்றாவது ஒரு நாள் அங்கே புது ஷெட் போடுகிற யோசனையும் நிர்வாகத்துக்கு இருக்கிறது. கன்று மரமாகிவிட்டால் வெட்டுவதற்கு அனுமதி கேட்டு அலைய வேண்டும். கன்றாகவே இருந்தால் யாரைக் கேட்க வேண்டும்? அதனால் ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கு முந்தின நாள் போன வருஷத்துக் கன்றை எடுத்துவிட்டு, அதே குழியில் புதுசு நடுவார்கள். ஃபோட்டோவுக்கும் ஆயிற்று, நிலத்துக்கும் ஆபத்தில்லை. அப்படி எடுத்ததையெல்லாம் இவன் ரசாயனக் கிடங்கு கழித்துப் போட்ட டிரம்களில் நட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறான்.

"வெளிய எங்கயாவது கொண்டுபோய் வைக்கலாம்ல? ஏதாவது ஸ்கூலுக்குக் குடுக்கலாம்ல?" என்றாள் ப்ரீதி.

"கேட்டேன். பக்கத்து ஊரு ஸ்கூல்ல வண்டியோட வந்தாவ. கேட்ல நிப்பாட்டிட்டான். பாஸ் வேணும்லா? பாஸ்ல, போறது தயாரிச்ச சாமானா, கழிச்ச சாமானா, பழைய இரும்பான்னு கேக்கும். மரம்னு ஒரு இனமே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தான். "பழைய இரும்புன்னு போட்டுக் குடுக்கக் கேட்டேன். ஆடிட்ல மாட்டிக்கிடுவோம்னு மேனேஜர் பயந்துட்டாரு."

ப்ரீதி சிரிக்கவில்லை. ஆலமரத்து டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை விரலால் கிளறினாள். மண்ணே இல்லை. கயிறு சுற்றினாற்போல உள்ளே முழுக்க வேர்தான்.

"இப்ப தரையில வெச்சா வளராதா மாமா?"

"வளரும். கொஞ்ச வருசம் நல்லா வளரும்" என்றான் சபரி. "டிரம்ல முட்டின வேரு திரும்பிடும், பாத்தியா? திரும்பித் திரும்பிச் சுத்தும். அப்பறம் தரையில வச்சாலும் அந்தச் சுத்து போகாது. தண்டு பெருக்கையில அந்த வேரே மரத்தோட கழுத்த நெரிச்சிரும்."

"அப்போ அந்த ரூட்ஸ் கட் பண்ணணும்."

"பண்ணா பாதி மரம் செத்துப்போவும்."

"பாதி இருக்கும்ல?"

சபரி, கேன்டீனில் எங்களுக்கு வடாபாவும் டீயும் இருக்கிறது, ஆறிப்போகும் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். திரும்பும்போது பஸ்ஸில் ப்ரீதி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். காரியம் முடிந்தது, இனி இவள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள் என்று எனக்கு நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, அந்த நிம்மதியில் நானும் சாங்வி வரை தூங்கினேன்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வரிசை போட்டு இணையத்தில் ஏற்ற வேண்டிய கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் சபரியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கோழிக் குழம்பு வைத்திருந்தேன். கண்ணால் பார்த்தது போதாது, அவன் வாயாலும் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவனும் மோசம் செய்யவில்லை. இலையில் சோறு விழுந்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"ப்ரீதி, அந்தப் படிப்பு வேண்டாம்மா. கம்ப்யூட்டரே போடு. இதுல வேலையே வராது, வந்தாலும் நாம நினைச்ச வேலை வராது. அரசாங்கத்துல என்னைக்கு அறிவிப்பு விடுவான்னு தெரியாது. பிரைவேட்ல போனா என்னை மாதிரி பூந்தொட்டி நகத்திக்கிட்டுக் கெடக்கணும். மலை, காடுன்னு நாம பேசினது எல்லாம் லீவு நாள்ல பேசுறதுக்கு நல்லா இருக்கும். வாழ்க்கைக்கு ஆகாது." படித்து ஒப்பித்தாற்போலச் சொன்னான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

ப்ரீதி குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்புறம், "மாமா, உங்க கூட படிச்சவங்க எல்லாம் எங்க இருக்காங்க?" என்றாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஒருத்தன் நீலகிரியில் ரேஞ்சர். ஒருத்தி பேங்கில் விவசாயக் கடன் அதிகாரி. ஒருத்தன் உருளி காஞ்சனில் சொந்தமாக நர்சரி போட்டு மா ஒட்டுக்கன்று அனுப்புகிறான். இன்னொருத்தன் கட்சிரோலியில் மூங்கில் திட்டத்தில் இருக்கிறான். "என்னையும்கூடக் கூப்பிட்டான், ரெண்டு தடவை. மழை முடியட்டும்னு சொன்னேன்." ஒவ்வொருவரையும் தன் பிள்ளையைப்போலச் சொன்னான்.

"அவங்களும் இதே படிப்புதானே மாமா?"

"ஆமா."

"அப்போ பிராப்ளம் படிப்பு இல்ல."

நான் அதட்டினேன். "ஏட்டி, பெரியவங்ககிட்ட என்ன பேச்சு பேசுத?" சபரி கையை உயர்த்தி என்னை நிறுத்தினான்.

ப்ரீதிக்குத் தமிழ் தட்டித் தட்டித்தான் வரும். கோபம் வந்தால் இந்திக்குத் தாவிவிடுவாள். அன்றைக்குத் தாவவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். "நீங்க ஏன் மாமா விட்டுட்டு வரல? மூங்கிலுக்கு ஏன் போகல?"

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்ததையே திரும்பப் பிசைந்தான். பல வருஷமாக நானும் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது. பயம் என்று சொல்வான், அப்பா அம்மா என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"நான் போயிட்டா அடுத்த ஜூலையில அந்தக் கன்னுகளை யாரு எடுப்பா?" என்றான். "கான்ட்ராக்ட் ஆளு வந்தா மம்பட்டியால ஒரே கொத்து. சாவடிச்சிருவான். சுத்தி ஈரம் பண்ணி, மண்கட்டியோட வேரு அறாம எடுக்கணும்லா. அது அங்க எனக்கு மட்டுந்தான் தெரியும்."

இதுதானா? எட்டு வருஷம் இதற்காகவா? இவனைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது தோற்ற பரீட்சையும் இல்லை, பயமும் இல்லை. மேட்டுப்பாளையத்தில் ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டானே, அந்த வேலைத் திறமைதான். அதைத்தான் அந்தக் கம்பெனி வருஷத்துக்கு ஒரு நாள் பயன்படுத்திக்கொள்கிறது.

ப்ரீதி அவனையே பார்த்தாள். "எடுக்க மாட்டேன்னு சொல்றதுக்கும் அங்க நீங்க மட்டும்தான் மாமா இருக்கீங்க" என்றாள்.

சோற்றைப் பிசைந்த சபரியின் கை அப்படியே நின்றது. ஷ்யாம் மோர் ஊற்ற எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். சபரி எழுந்து கை கழுவினான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "யக்கா, அவ இஷ்டப்படியே போடட்டும். அவ என்னை மாதிரி ஆவ மாட்டா" என்றான்.

எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் உள்ளே போய் வனவியலை முதலில் போட்டாள். தாபோலியே கிடைத்தது. ஸ்வார்கேட்டில் பஸ் ஏற்றிவிட சபரி அரைநாள் லீவு போட்டு வந்தான். அவளுடைய பெட்டியை யாரையும் தொட விடாமல் தானே தூக்கி வைத்தான். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, எடுக்க மாட்டேன்னு சொல்லிடுவீங்கல்ல?" என்றாள். "சொல்லுதேன், சொல்லுதேன்" என்று தலையாட்டினான்.

அந்த வருஷம் முழுக்க ப்ரீதி போன் பண்ணும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "மாமா சொன்னாரா?" என்று கேட்பாள். இன்னும் ஜூலை வரவில்லையே என்பேன். எனக்கே அந்த ஜூலை எப்போது வரும் என்று ஆகிவிட்டது. வேலை போனால் போகட்டும், நாலு பேர் நடுவில் ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நடுவில் அவனிடம் வேறு மாற்றமும் தெரிந்தது. உருளி காஞ்சன் நண்பனைப் பார்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தான். மேனேஜரிடம் எப்படிப் பேசுவது என்று என்னிடம் சொல்லிக் காட்டினான். நான் மேனேஜராக நடித்தேன். நன்றாகத்தான் பேசினான்.

இந்த வருஷம் விழாவுக்கு முந்தின நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவனே போன் பண்ணினான். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"என்னல, சொல்லிட்டியா?"

"என்னது? இல்லக்கா, அது வந்து, இன்னைக்கு நெறைய ஆளுக, அந்த நேரத்துல எப்படி..." என்று இழுத்தான். பிறகு அவனால் அடக்க முடியவில்லை. "யக்கா, அந்த நாவக் கன்னு இருக்குல்லா, போன வருசம் நீங்க வந்தப்ப நட்டது? நல்லா ஆழமா இறங்கியிருந்துச்சு. காலையில இருந்து உக்காந்து எடுத்தேன். ஒரு வேரு அறல. ஒண்ணுகூட அறலக்கா."

நான் சரி என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ப்ரீதி கூப்பிட்டாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டது, தாபோலியில் நன்றாகக் கொட்டுகிறதாம். மாமா போன் பண்ணினாரா, என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"இன்னும் போன் பண்ணலம்மா. கம்பெனியில வேலை போலிருக்கு" என்று பொய் சொன்னேன்.